கை மாறிய பில்

அன்று காலை, இரும்பு வார்க்கும் நாச்சிமுத்து பவுண்டரியிலிருந்து ஒரே சரக்குக்கு இரண்டு பில்கள் மின்னஞ்சலில் வந்திருந்தன. ஒன்றின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மற்றதன் ஓரத்தில் சிவப்பு.

தமயந்தி இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். பச்சை பில்லோடு வந்த கடிதம் அவளுக்குப் பழகிய கடிதம்.

"கண்ணு, அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லீங்களா? நொச்சித் தழைய வதக்கிக் கட்டச் சொன்னனே, கட்டுனீங்களா? இத்தோட பில் வெச்சிருக்கறன். பேங்க் மட்டும் மாத்திட்டமுங்க, புது நம்பர் கீழ இருக்குது. பழைய போனும் கெட்டுப் போச்சு. இன்னிக்கே பணம் போட்டுட்டா புண்ணியமாப் போகும்."

பவுண்டரி முதலாளி நாச்சிமுத்து அண்ணன் பேசுவது போலவேதான் எழுதுவார். பச்சை விளக்கு எரிந்ததில் வியப்பில்லை.

சிவப்பு பில்லோடு வந்த கடிதத்தில் இரண்டே வாக்கியம். "பில் இணைத்துள்ளேன். பார்த்து அனுப்பவும்." அதன் தலையில் சல்லடை எழுதியிருந்தது: கை மாறியிருக்கிறது. நம்ப வேண்டாம்.

சல்லடை என்ற அந்த மென்பொருள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு யார் பெயரிலும் யார் வேண்டுமானாலும் பில் அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. திருடர்கள் கம்பெனி முத்திரையைத் திருடினார்கள், அஞ்சல் பெட்டியையே திருடினார்கள். அதனால் சல்லடை முகவரியைப் பார்ப்பதில்லை, வங்கி எண்ணையும் பார்ப்பதில்லை. எழுதிய கை யாருடையது என்று மட்டும் பார்க்கும். ஒரு மனிதர் சொற்களை அடுக்கும் விதம் அவருடைய ரேகையைப் போன்றது என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். எல்லாக் கம்பெனிகளும் அதை வாங்கி மாட்டிக்கொண்டன.

பச்சை விழுந்த பில்லுக்கு மாலை ஐந்து மணிக்குப் பணம் தானாகப் போய்விடும். சிவப்பு விழுந்த அஞ்சல் பெட்டியும் அதிலுள்ள வங்கிக் கணக்கும் அதே ஐந்து மணிக்கு ஊரிலுள்ள அத்தனை கம்பெனிகளின் சல்லடைக்கும் தெரிவிக்கப்படும். அதன் பிறகு அவர்களிடம் ஒருவரும் எதுவும் வாங்க மாட்டார்கள்.

தமயந்தி எழுந்து மேலாளர் ரங்கதுரையின் மேசைக்குப் போனாள். இருவரும் பீளமேட்டில் உள்ள தாரகை பம்ப்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தார்கள். பிரிவு என்றாலும் அவர்கள் இருவர்தான்.

"சார், நாச்சிமுத்து பவுண்டரி பில்லுல ஒரு சந்தேகமுங்க."

"பச்சையா, சிவப்பா?"

"ரெண்டும் வந்திருக்குதுங்க."

"பச்சைக்குப் போகட்டும். சிவப்ப விட்டுத் தள்ளு. சிக்னல்ல பச்சை விழுந்தா நீ எறங்கிப் போய் போலீஸ்காரர்கிட்ட விளக்கமா கேட்டுட்டு இருப்ப?"

"சிவப்பு பில்லுல தொகை கம்மியா இருக்குதுங்க சார்."

"திருடனுக்கு நம்ம மேல எரக்கம் வந்திருக்கும்."

"திருட வந்தவன் எதுக்குங்க கொறச்சுக் கேக்கறான்?"

ரங்கதுரை தலையை உயர்த்தினார். அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர், போனில் கேட்ட முதலாளியின் குரலை நம்பிப் பணம் அனுப்பி, வேலையை இழந்தவர். முதலாளி பேசவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் ரங்கதுரை கேலி பேசிக்கொண்டே பயந்துகொண்டிருந்தார்.

"நம்ம யார்டுல ஓட்டை விழுந்த காஸ்டிங்கத் திருப்பி அனுப்பினமுங்க" என்றாள் தமயந்தி. "நான் சாப்பிடப் போறப்ப பாத்தேன். சாக்பீசுல பெருக்கல் போட்டு அவிங்க டெம்போவுலயே ஏத்துனாங்க. அதக் கழிச்சா இந்தச் சிவப்பு பில் தொகைதான் வருது."

பவுண்டரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் வெகுகாலமாக அப்படித்தான் நடந்து வந்தது. காஸ்டிங் என்கிற வார்ப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவும்போது ஓட்டை தெரிந்தால், சாக்பீசில் குறி போட்டுத் திருப்பி ஏற்றுவார்கள். வாயால்தான் சொல்வார்கள். எழுத்தில் வைத்தால் தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து இரண்டு பக்கமும் விசாரணை வைப்பார்கள் என்பதால் யாரும் எழுதுவதில்லை. அடுத்த பில்லில் பவுண்டரிக்காரர் முனகிக்கொண்டே கழித்துவிடுவார்.

"அப்ப எழுத்துல இல்லாதது சிவப்புக்குத் தெரிஞ்சிருக்குது. பச்சைக்குத் தெரியல" என்றார் ரங்கதுரை மெதுவாக. "சரி, போன் போட்டுக் கேளு."

அவள் தன்னிடம் முன்பே இருந்த எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பச்சைக் கடிதத்தில் இருந்த புது எண்ணை அழைத்தாள். உடனே எடுத்தார்கள்.

"சொல்லு கண்ணு!"

அதே கரகரப்பு. முன்பொரு ஆயுத பூஜைக்குப் பொரி கடலை மூட்டையோடு வந்து ஆபீஸ் முழுக்கச் சத்தம் போட்டுவிட்டுப் போன அந்தக் குரல். தமயந்திக்கு மனசு லேசானது.

"அண்ணா, திருப்பி அனுப்புன பீசெல்லாம் கழிச்சுட்டீங்களான்னு கேக்கத்தானுங்க."

மறுபக்கம் சின்ன இடைவெளி. "எல்லாஞ் செரியாப் போட்டிருக்கறன் கண்ணு. பழைய பேங்க்ல என்னமோ ஆடிட்டு. அதனாலதான் மாத்துனது. இன்னிக்கே போட்டுரு."

"எத்தனை பீசுங்கண்ணா கழிச்சீங்க?"

"நான் வண்டில போயிட்டு இருக்கறன் கண்ணு. நீ போட்டுட்டு ஒரு மெசேஜ் அனுப்பிரு, என்ன?"

போன் நின்றது. தமயந்தி ரங்கதுரையின் பக்கம் திரும்பினாள்.

"என்னங்கறாரு?"

"குரல் அவருதுதான் சார். ஆனா அவரு சண்டை போடல."

"என்ன சண்டை?"

"திருப்பின பீசுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதுமுங்க. உங்க கடைசல்காரன் கண்ணுலதான் ஓட்டைன்னு ஆரம்பிச்சுருவாரு. ஒவ்வொரு பீசுக்கும் தனித்தனியா சண்டை போட்டுத்தான் ஒத்துக்குவாரு. இந்த ஆளு ஒண்ணுமே சொல்லாம போன வெச்சுட்டாரு. நான் கூப்பிட்டதும் அவிங்களே குடுத்த நம்பர். அதுல கேட்டா அவிங்க சொல்றதத்தான சொல்லுவாங்க?"

"அதுக்கு இப்ப என்ன பண்ணோணுங்கற?"

"நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றனுங்க."

ரங்கதுரை சிரித்துவிட்டார். சரக்குக் கொடுப்பவரை நேரில் பார்ப்பது என்பதே அந்த ஆபீசில் வழக்கொழிந்து போயிருந்தது. கடிதங்களை எழுத்துத்துணை என்ற மென்பொருள் எழுதிவிடும். ஒருவருடைய பழைய கடிதங்களைக் கொடுத்துப் பழக்கிவிட்டால் அவரைப் போலவே எழுதும், சமயத்தில் பேசவும் செய்யும். யாரும் யாரையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

"அஞ்சு மணிக்குள்ள வந்துரோணும். பச்சைய நிறுத்தோணும்னாலும் சிவப்ப எடுக்கோணும்னாலும் நாம ரெண்டு பேரும் அந்தாள நேர்ல கண்டு கைரேகை வைக்கோணும். அது தெரியுமல்ல? உன் ஒருத்தி ரேகைக்கு அது மசியாது."

"தெரியுமுங்க சார்."

பவுண்டரி அரசூருக்கு உள்ளே தள்ளி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே சூடான மண்ணின் வாசம் வந்தது. தகரக் கொட்டகைக்குள் ஆட்கள் அச்சுப் பெட்டிகளில் கருமணலை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

ஓரத்து அறையில் ஓர் அம்மா கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இருக்காருங்களா?"

"நீங்க எங்கிருந்துங்க?"

"தாரகை பம்ப்ஸ். பேரு தமயந்தி."

அந்த அம்மா எழுந்து நின்றாள். முகத்தில் சந்தோஷமும் கலவரமும் சேர்ந்து வந்தன. "தமயந்திக் கண்ணா நீங்க? உக்காருங்க, உக்காருங்க. நான் அவரு சம்சாரம், சுகந்தி." பிறகு மேசை மேல் இருந்த தூசியைக் கையால் தள்ளினாள். "அவரு போயி வருசம் ஆச்சுங்க கண்ணு."

தமயந்திக்குப் புரியவில்லை. "போயின்னா?"

"நெஞ்சு வலி. தாராபுரத்துல, எங்க ஊர்லயே முடிஞ்சுது. போன வாரந்தான் வருசத் திதி குடுத்தோம்."

"இல்லீங்கக்கா. காலைல நான் அவருகூட போன்ல பேசினனே."

சுகந்தியின் கை தூசியின் மேலேயே நின்றது. வெளியில் யாரோ ஒருவர் இருமினார். அவள் அவசரமாகக் கேட்கவில்லை. மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நல்லா இருந்தாருங்களா?"

சுகந்தி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒரு கிறுக்கி. மன்னிச்சுக்குங்க. அது அவரில்லீங்க. எனக்குத் தெரியும்."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இறந்த செய்தி தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். பவுண்டரி வேலை தெரியாத பொம்பளையை நம்பி யார் வார்ப்பு கொடுப்பார்கள்? ஆட்கள் எல்லாம் சேர்ந்து பேசி, அவருடைய எழுத்துத்துணையை நிறுத்தாமல் விட்டார்கள். அது அவரைப் போலவே எழுதியது, போன் வந்தால் அவரைப் போலவே பேசியது.

"யார் கேட்டாலும் பதில் சொல்லாம இருக்காதன்னு அதுகிட்ட சொல்லி வெச்சிருந்தோமுங்க. அவரு அப்படித்தான். வழி கேட்டு வர்றவனுக்குக்கூட டீ வாங்கிக் குடுத்துத்தான் அனுப்புவாரு."

"புதுசா யாராச்சும் எழுதினாங்களாக்கா?"

"எழுதினாங்க. மோட்டார் கம்பெனின்னு சொல்லி மாசக்கணக்கா ஒருத்தன் எழுதினான், போன்லயும் பேசினான். என்ன ரேட்டு, யாருக்கெல்லாம் குடுக்கறீங்க, அவிங்ககூட என்ன பேசுவீங்க, எப்பப் பணம் வரும்னு கேட்டுட்டே இருந்தான். இது எல்லாத்துக்கும் வெலாவாரியா பதில் போட்டிருக்குது. திதி முடிஞ்சு வந்துதான் நான் உக்காந்து படிச்சேன்."

"அந்தக் கடிதங்கள வெச்சே அவன் அண்ணன் கையக் கத்துக்கிட்டான்" என்றாள் தமயந்தி. "குரலையும்."

"அன்னிக்கே துணைய நிறுத்திட்டேன். அவரு நம்பரையும் அணைச்சுட்டேன். போதும், அவரு போகட்டும்னு. நேத்து ராத்திரிதான் மொதல் மொதலா நானே ஒரு பில் அனுப்புனன். எப்படி எழுதறதுன்னு தெரியல. ரெண்டு வரி எழுதறதுக்குள்ள வேர்த்துருச்சு. ஏனுங், தப்பா எழுதிட்டனா?"

"தப்பே இல்லீங்கக்கா."

ஆனால் சல்லடைக்கு அதுதான் தப்பு. இறந்தவரின் கையைத் திருடியவனுக்குப் பச்சை கொடுத்தது. உயிரோடு இருப்பவள் முதல்முறையாகத் தன் கையால் எழுதியதைத் திருட்டு என்றது. ஐந்து மணி அடித்தால் சுகந்தியிடம் இந்த ஊரில் ஒருவரும் வார்ப்பு வாங்க மாட்டார்கள். வெளியே மண் இடிப்பவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சுகந்தி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க அவருக்கு எழுதற பதிலெல்லாம் நான் எடுத்து எடுத்துப் படிப்பேன். அம்மா முட்டி வலி, மழை, உங்க வீட்டு முருங்கை. ஒரு ஆளு இத்தனை பிரியமா எழுதுதேன்னு இருக்கும். அதப் படிச்சாத்தான் எனக்குச் சோறே எறங்கும்."

தமயந்தியின் காது சூடானது. சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அது நான் எழுதினதில்லீங்க. எங்க ஆபீஸ் எழுத்துத்துணை எழுதினது. அம்மாவுக்கு முட்டி வலி நெஜந்தான். வர்ற கடிதத்தயும் மேலோட்டமாத்தான் பாப்பனுங்க, நொச்சித் தழை சமாச்சாரமே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

சுகந்தி அவளையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தமயந்தி பயந்தாள். சிரிப்பு.

"அப்ப ஒரு வருசமா ரெண்டு மெசினுந்தான் மாத்தி மாத்தி நலம் விசாரிச்சுட்டு இருந்துதுங்களா? அட கருமமே!"

தமயந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் இருவரும் சிரித்ததைப் பார்த்து வாசலில் ஓர் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்தபோது சுகந்தியின் கண்கள் நிஜமாகவே நனைந்திருந்தன.

"வாங்க, சாருக்குப் போன் போடலாம்" என்றாள் தமயந்தி.

ரங்கதுரை படத்தோடு பேசும் அழைப்பில் வந்தார். தமயந்தி நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் கல் போல இருந்தது.

"நீங்க கெளம்பி வாங்க சார். நீங்களும் பாத்து ரேகை வெச்சாத்தான் ஆகும்."

"ஏம்மா, நீ தமயந்திதானா?"

"சார்!"

"கோவிச்சுக்காத. அவசரம்ங்கற. சட்டத்த மாத்தி நடக்கோணுங்கற. யாருமே கேள்விப்படாத ஒரு கதை சொல்ற. ஆபீசுல பாடம் நடத்துனாங்களே, திருடன் இப்படித்தான் பேசுவான்னு. மூஞ்சியும் குரலும் இப்ப யாரு வேணா செய்யலாம். நீயே என் எடத்துல இருந்தா நம்புவியா?"

தமயந்தி யோசித்தாள். அவர் சொன்னது முழுக்கச் சரி. காலையில் அவளும் இதே காரணத்தால்தான் கிளம்பி வந்தாள்.

"நம்ப மாட்டனுங்க சார். நீங்களும் நம்ப வேண்டாம். அதனாலதான் நேர்ல வரச் சொல்றேன். நான் பொய்யின்னா இங்க வெறும் கொட்டகைதான் இருக்கும். உங்களுக்குப் பஸ் காசுதான் நட்டம். பணம் ஒண்ணும் போகாது. இந்த அழைப்பையும் நம்பாதீங்க, கட் பண்ணிட்டு உங்க போன்ல இருக்கற என் நம்பருக்குப் போடுங்க."

அழைப்பு நின்றது. சிறிது நேரத்தில் அவளுடைய போன் ஒலித்தது.

"வர்றன்" என்றார் ரங்கதுரை. "ஆனா பஸ்ஸுல இல்ல. எனக்கு வயசாச்சு."

வாடகை ஸ்கூட்டரில் அவர் வந்து இறங்கியபோது சட்டை முழுக்க வேர்வை. அவினாசி ரோட்டைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தவர், தமயந்தியின் முன்கையை லேசாகத் தொட்டுப் பார்த்தார். "நெசமான ஆளுதான்" என்றார். பிறகு சுகந்தியைப் பார்த்தார். பவுண்டரியைப் பார்த்தார். மூலையில் சாக்பீஸ் பெருக்கல் குறியோடு திருப்பி வந்த வார்ப்புகள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்க்கப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். பில் பார்க்க வந்த இடம் துக்க வீடு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"முந்தின வருசம் ஆயுத பூஜைக்கு வந்து எங்கிட்ட ஒரு பாடு சண்டை போட்டுட்டுப் போனாரு" என்றார். "அந்தச் சண்டைய முடிக்காமயே போயிட்டாருங்களே."

சுகந்தி தலையசைத்தாள். ஒரு வருடமாக அந்த அறையில் யாரும் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை.

தமயந்தியும் ரங்கதுரையும் அவரவர் போனில் விரலை வைத்தார்கள். நேரில் கண்டோம் என்று இரண்டு பேர் ரேகையும் விழுந்ததும் பச்சை விளக்கு அணைந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. சல்லடை ஒரு கேள்வி கேட்டது: புதிய கை யாருடையது? அவர் தம் சொற்களில் எழுதி, இதுவரை தொடர்பில் உள்ள அனைவருக்கும் அனுப்பவும்.

"எல்லாருக்குமா?" என்றாள் சுகந்தி. "அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருமே."

"தெரியட்டுமுங்க" என்றார் ரங்கதுரை.

"ஆர்டர் போயிருச்சுன்னா?"

"ஒரு வருசமா காஸ்டிங் ஊத்துனது யாரு? மெசினா? காஸ்டிங்ல ஓட்டை இருந்தாப் போவாங்க. ஊத்தறது ஆம்பளையா பொம்பளையான்னு பாத்து நான் இதுவரைக்கும் பில் பாஸ் பண்ணினதில்ல."

சுகந்தி நெடுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தமயந்தி உதவப் போகவில்லை. உதவினால் அது சுகந்தியின் கையாக இருக்காது.

"நான் சுகந்தி. நாச்சிமுத்து இறந்து ஒரு வருடம் ஆயிற்று. பயந்துகொண்டு சொல்லவில்லை. மன்னிக்கவும். பவுண்டரி நடக்கிறது. நான்தான் பார்க்கிறேன். பேங்க் மாறவில்லை. யாராவது மாறிவிட்டது என்று எழுதினால் நம்பாதீர்கள். பழைய நம்பரை இன்று திறந்து வைக்கிறேன். அதில் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்."

அனுப்பினாள். சிவப்பு அணைந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

உடனே பதில்கள் கொட்டின. ஆழ்ந்த அனுதாபங்கள், ஈடு செய்ய முடியாத இழப்பு. எல்லாம் அழகான வாக்கியங்கள், எல்லாம் ஒரே நிமிடத்தில். சுகந்தி இரண்டைப் படித்துவிட்டுத் திரையைத் திருப்பி வைத்தாள்.

"மெசினுங்க" என்றாள்.

அவள் மறுபடி திறந்து மேசை மேல் வைத்திருந்த கணவருடைய போன் அப்போது அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டதும் ஒரு பெரியவர் கத்தினார்.

"ஏம்மா! வால்வு கம்பெனி பொன்னுரங்கம் பேசறேன். ஒரு வருசமா நான் யாருகிட்டம்மா ரேட்டுக்குச் சண்டை போட்டுட்டு இருந்தேன்? செத்துப் போன மனுசன்கிட்டயா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

சுகந்தி பதறிப் போய்த் தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி போனை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். சுகந்திக்குப் புரிந்தது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. வெச்சுட்டு எங்க பதிவுல இருக்கற உங்க நம்பருக்கு நானே கூப்பிடறனுங்க."

"கூப்புடு, கூப்புடு. அப்படித்தான் இருக்கோணும்" என்றது அந்தக் குரல்.

அவள் கூப்பிட்டாள். அதே பெரியவர்தான் எடுத்தார். இப்போது அவர் கத்தவில்லை. "நாளைக்குக் காலைல நேர்ல வர்றன் சாமி. எழவு வீட்டுக்கு வராத ஆளுன்னு பேரு வேண்டாம்" என்றார். குரல் உடைந்திருந்தது.

ரங்கதுரை எழுந்து செருப்பை மாட்டினார். துக்கம் கேட்கப் போன இடத்தில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். தமயந்தியும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"ஏனுங், சொல்லாமப் போறீங்களே" என்றாள் சுகந்தி பின்னாலிருந்து.

இருவரும் திரும்பினார்கள்.

"திதி எல்லாம் முடிஞ்சுருச்சுங்க. சொல்லிட்டே போங்க."

ரங்கதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "போயிட்டு வர்றமுங்க" என்றார்.

"வாங்க" என்றாள் சுகந்தி. கொட்டகைக்குள் மண் இடிக்கிற சத்தம் மறுபடியும் தொடங்கியது.